தேயாத குதிகால்

அங்கன்வாடி டீச்சர் சொல்வதற்கு முன்,
பாகாயத்து டாக்டர் சொல்வதற்கு முன்,
ஷூ சொல்லிவிட்டது எனக்கு.

ஆம்பூரில் ஒன்பது வருஷமாக மேல்தோல் தைக்கிறேன்.
பழைய ஜோடியைத் திருப்பிப் பார்த்தால் போதும்,
போட்டவர் நடை தெரிந்துவிடும்.
ஏனோக்கின் ஷூவில் முனை கிழிந்திருந்தது;
குதிகால் கடையில் வாங்கின மாதிரியே.
நுனிக்காலில் நடக்கிறான் பிள்ளை,
தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல.

"அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றாள் நாத்தனார்.
வசம்பு சுட்டு நாக்கில் தடவினோம்.
சபையில் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள்.
அவன் அந்தக் கைகளுக்கு நடுவே
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடியற்காலை ரயிலில் காட்பாடி,
அங்கிருந்து டவுன் பஸ்.
ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் சம்பளம் போச்சு.
"என்னம்மா, இன்னும் சரியாகலையா?"
சூப்பர்வைசர் கேட்பார்,
காய்ச்சலை விசாரிப்பதுபோல.

சின்ன அறை, சின்ன நாற்காலி.
மேஜைமேல் ஒரு பெண் படங்களை வைத்தாள்.
பந்து. பேசவில்லை.
நாய். பேசவில்லை.
படகு.
"ஷூ" என்றான் ஏனோக்.
அத்தனை தெளிவாக,
வெளியாள் ஒருவர் எதிரில், முதல்முறையாக.
அவள் பேனா பெருக்கல் குறி போட்டது.

பாலாறு நிறைந்து ஓடினபோது
அவன் கைக்குழந்தை.
அதற்கப்புறம் மணல்தான், முள்செடிதான்.
படகை எங்கே பார்த்தான் அவன்?
பக்கவாட்டில் பாருங்கள் மேடம்,
தூக்கின மூக்கு, திறந்த வாய்,
நாடா ஒன்றுதான் குறை.
சொல்ல எழுந்தேன்.
"நீங்க உதவக் கூடாதும்மா."
உட்கார்ந்தேன்.
கிளம்பும்போது அவளே மெதுவாகச் சொன்னாள்:
"நல்ல பதில்தான்.
தாள்ல அதுக்குக் கட்டம் இல்லை."

அட்டைக்கு அடுக்கம்பாறை போகணும்.
நாற்பது வேண்டும், வரிசையில் எல்லோருக்கும் அது தெரியும்;
நாற்பதுக்குக் கீழே ஒன்றும் நடக்காது.
எனக்கு முன்னால் நின்ற குடியாத்தத்துக்காரி
போனமுறை முப்பத்தெட்டு வாங்கினவள்.
மகளை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்தபடி
"ரெண்டே பர்சென்ட்" என்றாள்,
"ரெண்டே ரெண்டு."
பத்தாவது கணக்கில் முப்பத்தைந்து வர
ராத்திரியெல்லாம் முழங்காலில் நின்றவள் நான்.
அன்றைக்கு என் பிள்ளைக்கு
ஒன்றும் வரக்கூடாதென்று ஜெபித்தேன்.
கூப்பிட்டால் திரும்பாதே கண்ணு,
கட்டையை அடுக்காதே,
இன்றைக்கு மட்டும்.
கர்த்தர் குழம்பியிருப்பார்.

ஐம்பது வந்தது.
வாசலில் அவனுக்கு ஒரு பன், எனக்கு டீ.
பாஸான வீடு மாதிரி இருந்தது.
டீ இறங்கவில்லை.
குடியாத்தத்துக்காரி வெளியே வருவதற்குள்
பஸ் வந்துவிட்டது.

முதல் பள்ளிக்கூடம்
"உங்க பையனுக்கு இது சரிப்படாதும்மா" என்றது.
இரண்டாவது சேர்த்துக்கொண்டு
கடைசி பெஞ்சில் ஜன்னலைக் கொடுத்தது.
செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் வருகிறார்
நிலோஃபர் டீச்சர்.
அவருக்குப் பதினோரு பள்ளி, ஒரே முதுகு.
வந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவார்.
தாம்பாளத்தில் கேழ்வரகு கொட்டி
அதில் அவனை வெறுங்காலோடு நிறுத்தி
சும்மா இருப்பார்.
அந்தச் சும்மா இருப்பதை
நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நேற்று ராத்திரி, அவன் தூங்கினபின்,
ஷூவைத் திருப்பி டியூப்லைட்டில் காட்டினேன்.
இடது குதிகாலில்
நகம் பட்ட மாதிரி ஒரு தேய்மானம்.
பஸ் படியில் உரசினதாக இருக்கலாம்.
ரயிலில் இழுத்துக்கொண்டு ஓடினேனே, அதுவாகவும்.
விரலால் துடைத்துப் பார்த்தேன்,
போகவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் கோப்பில் எழுதிவிடுவார்கள்.